நீல வயரும் சிவப்பு வயரும்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. அம்மாவும் நானும் சுகம். அம்மாவின் முழங்கால் வலி பரவாயில்லை. இந்தத் தடவை மழை நன்றாகப் பெய்து குளம் நிரம்பிவிட்டது. மற்ற விஷயங்களைப் பிறகு எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ஒலிப்பதிவை நாற்பது தடவையாவது கேட்டிருப்பேன். பதினோரு விநாடி. ஆறு வாரத்தில் உன்னிடமிருந்து வந்தது அதுவும் ஒரு படமும்தான். பதிவிலும் உன் குரல் இல்லை, நீ கையால் கட்டுகிற கிடார் ஆம்ப் கத்துகிற சத்தம் மட்டும். அது வந்தபோது இங்கே காலை 8.10, நான் காபி குடித்துக்கொண்டிருந்தேன். உன் ஊர்க் கணக்கில் அப்போது இரவு 2.40. அந்த நேரத்தில் எச்.டி., அதாவது ஹை டென்ஷன் மின்சாரம், உள்ள சேஸிஸில் கை வைக்காதே, எய்யா. தூக்கம் இல்லாதவன் கை வால்வின் ஒரு பின்னுக்கு (காலுக்கு) பதில் இன்னொன்றுக்குப் போகும்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஈயப் பற்று எல்லாம் பளபளவென்று இருக்கிறது. வால்வைச் சூடாக்குகிற ஃபிலமெண்ட் வயரை முறுக்கி, சேஸிஸ் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோயிருக்கிறாய். நம் கடையில் இரண்டு வருஷம் இருந்த பையன்களுக்குக்கூட அது வராது. நீ கட்டுகிற 5எஃப்1 சாம்ப் ஆம்ப்பின் சர்க்யூட் படத்தை ஜெராக்ஸ் கடையில் பெரிதாக அச்செடுத்து மேஜையில் விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். மூன்றே வால்வு: சின்னச் சத்தத்தைப் பெருக்க ஒரு 12ஏஎக்ஸ்7 (ஒரே கண்ணாடிக்குள் இரண்டு பாதி), ஸ்பீக்கரை ஓட்ட ஒரு 6வி6, ஏ.சி.யை டி.சி. ஆக்க ஒரு 5ஒய்3. 1950களின் கடைசியில் ஃபெண்டர் போட்ட கணக்கு. ஐந்து வாட்தான். நம் மைக் செட் ஆம்ப்பில் பாதிகூட இல்லை, ஆனால் விதி ஒன்றுதான்.

இப்போது ஊளைக்கு வருகிறேன். நீ வால்யூமைப் பூஜ்யத்துக்குத் திருகுகிற சத்தம் பதிவில் கேட்கிறது. அப்போதும் ஊளை நிற்கவில்லை, குறையவும் இல்லை. அதிலேயே பாதி விடை இருக்கிறது. வால்யூம் இருப்பது 12ஏஎக்ஸ்7-இன் முதல் பாதிக்கும் இரண்டாம் பாதிக்கும் நடுவே. அதை மூடியும் கத்துகிறதென்றால், கோளாறு வால்யூமுக்குப் பிறகு. இன்புட் ஜாக்கைக் கழற்றி மாட்டிப் பயனில்லை.

வால்யூமுக்குப் பிறகு முதலில் சந்தேகப்பட வேண்டியது ஃபீட்பேக். ஸ்பீக்கர் முனையிலிருந்து 22கே (22,000 ஓம்) ரெசிஸ்டன்ஸ் வழியாக 12ஏஎக்ஸ்7-இன் இரண்டாம் பாதியின் கேதோடுக்கு (எலெக்ட்ரான் கிளம்புகிற முனை), அதாவது 8ஆம் பின்னுக்கு, கொஞ்சம் சத்தத்தைத் திருப்பிக் கொடுக்கிறார்கள். எதிர்த் திசையில் வந்தால் அது சத்தத்தைச் சற்று அடக்கிச் சுத்தமாக்கும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் முனை மாறிப்போனால் அதே திசையில் வந்து சேரும், பிறகு ஊளைதான். புது ஆம்ப், முதல் தடவை ஆன் செய்ததும் ஊளை, வால்யூம் எதுவும் செய்யவில்லை என்றால் பத்தில் எட்டு தடவை இதுதான் காரணம்.

பார்க்கிற விதம்: ஆஃப் செய், பிளக்கைப் பிடுங்கு, கன்டென்சரில் தங்கியிருக்கிற மின்சாரத்தை இறக்கு (எப்படி என்று கீழே எழுதியிருக்கிறேன், அதைப் படித்துவிட்டுச் செய்), 22கே-யின் ஒரு முனையை மட்டும் கழற்று. மறுபடி ஆன் செய். ஊளை நின்றால் முனைதான் மாறியிருக்கிறது. 6வி6-இன் 3ஆம் பின்னில் இருக்கிற நீல வயரையும், முதல் கன்டென்சரின் பாசிட்டிவில் இருக்கிற சிவப்பு வயரையும் இடம் மாற்றிப் பற்ற வை. 22கே-யைத் திரும்பக் கொடு. இப்போது சத்தம் முன்னைவிடச் சற்றுக் குறைய வேண்டும். குறைந்தால் சரி. சில பேர் 22கே-யைக் கழற்றியபடியே விட்டுவிட்டு ‘இதுதான் எனக்குப் பிடிக்கிறது’ என்பார்கள். பிடித்தால் பிறகு கழற்றிக்கொள், ஆனால் முதலில் சரியாக ஓடட்டும். கோளாறை மறைக்கக் கழற்றாதே.

ஸ்பீக்கர் இல்லாமல் ஆன் செய்யாதே. ஒரு நிமிஷம்தானே என்று நினைக்காதே. சுமை இல்லாத டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரியில் வோல்ட் தாறுமாறாக எகிறி, சுற்றையே துளைத்துவிடும்.

ஊளை நின்ற பிறகு இன்னொன்று வரலாம். வால்யூம் எட்டைத் தாண்டும்போது ‘க்யீ’ என்று ஒரு விசில். அல்லது விசிலே கேட்காது. ஆம்ப் திணறும், சத்தம் கரகரவென்று செத்துப்போய் வரும், 6வி6-இன் பிளேட், பெருகின அலை வெளியே வருகிற உள் தகடு, சிவக்கும். காதுக்கு எட்டாத அலைவரிசையில் ஆசிலேஷன், அதாவது ஆம்ப் தானாகவே ஆடுவது. அதுதான் ஆளை ஏமாற்றும். கண்டுபிடிக்க ஆசிலாஸ்கோப் வேண்டாம். கிடார் மாட்டாமல், 6வி6-இன் 8ஆம் பின்னில் டி.சி. வோல்ட் பார். அங்கிருந்து எர்த்துக்குப் போகிற 470 ஓம் மேல் 19 வோல்ட் பக்கம் இருந்தால் வால்வில் 40 மில்லி ஆம்பியர் போகிறது. பிளேட் 340 வோல்ட் பக்கம் இருந்தால் பிளேட்டில் எரிவது ஏறத்தாழ 12 வாட், அதுதான் அந்த வால்வுக்கு எல்லை. இப்போது வால்யூமை மெதுவாக ஏற்று. உள்ளே சிக்னலே இல்லாதபோது அந்த 19 அசையக் கூடாது. அசைந்தால் எங்கோ தானாக ஓடிக்கொண்டிருக்கிறது. ஸ்பீக்கர் முனையில் ஏ.சி. பார்த்தும் கண்டுபிடிக்கலாம், சும்மா இருக்கும்போது சில மில்லிவோல்ட் ஹம் மட்டும்தான் இருக்க வேண்டும். ஆனால் மலிவு மீட்டர்கள் சில கிலோஹெர்ட்ஸுக்கு மேல் ஏ.சி.யைச் சரியாகக் காட்டாது. டி.சி.யை நம்பு.

காரணம் பெரும்பாலும் வயர் போன வழி. படத்தில் நீல வயர் வால்யூம் பொட்டுக்கு (திருகுக்கு) பின்னால் வளைந்து வருவதைப் பார்த்ததும் எனக்கு வயிறு கலங்கியது. கணக்குப் போட்டுப் பார். ஒவ்வொரு வால்வும் அலையைத் தலைகீழாக்கும். 12ஏஎக்ஸ்7-இன் 7ஆம் பின்னில் நுழைவது இரண்டாம் பாதியில் ஒரு தடவை, 6வி6-இல் ஒரு தடவை தலைகீழாகி, நீல வயரில் பழையபடி நேராக நிற்கிறது. அதுவும் இருநூறு வோல்ட்டுக்கு மேல் ஆடுகிற வயர். அதை வால்யூமிலிருந்து 7ஆம் பின்னுக்குப் போகிற வயரோடு சேர்த்துக் கட்டினால், காற்று வழியாகவே திரும்பிப் போய்ச் சேரும். அதேபோல் 2ஆம் பின்னும் 6ஆம் பின்னும். முதல் பாதியின் கிரிட் (அலை நுழைகிற முனை), இரண்டாம் பாதியின் பிளேட். இரண்டு தடவை திரும்பி மறுபடி நேர். இந்த இரண்டு ஜோடிகளை மட்டும் ஒன்றையொன்று பார்க்க விடாதே. விலக்க முடியாமல் குறுக்கே போக வேண்டுமென்றால் நேர் குறுக்கே, கூட்டல் குறி மாதிரி. கிரிட் வயர் குட்டையாக, சேஸிஸோடு ஒட்டி. நீல வயரைச் சேஸிஸின் மறு ஓரமாகக் கொண்டுபோ. அழகுக்காக எல்லா வயரையும் ஒரே கற்றையாகக் கட்டியிருக்கிறாய். அந்தக் கட்டை அறுத்துவிடு. ஆம்ப்புக்குள் அது அழகில்லை.

எந்த வயர் என்று தேட, காய்ந்த மூங்கில் குச்சி. ஆன் செய்த நிலையில் குச்சியால் ஒவ்வொரு வயராக அரை அங்குலம் நகர்த்து, விசில் மாறுகிற இடத்தில் நில். பென்சில் வேண்டாம், உள்ளே இருக்கிற கரி மின்சாரம் கடத்தும். இன்னொரு கையைப் பின்னால் வைத்துக்கொள். குச்சியால் வால்வுக் கண்ணாடியைத் தட்டி ‘டிங்’ என்று ஸ்பீக்கரில் நீண்டால் அது வால்வின் கோளாறு, வயரைக் குறை சொல்லாதே.

வயரைச் சரி செய்தும் மிச்சம் இருந்தால் கிரிட் ஸ்டாப்பர், அதாவது கிரிட்டுக்கு முன்னால் போடுகிற ரெசிஸ்டன்ஸ். 6வி6-இன் 5ஆம் பின்னில் 1.5கே, ரெசிஸ்டன்ஸின் உடம்பு வால்வு பேஸை ஒட்டி இருக்க வேண்டும். பலகையில் வைத்து அங்கிருந்து வயர் இழுத்தால் பாதிப் பலன் போய்விடும், அந்த வயரே ஏரியல் ஆகிவிடும். 4ஆம் பின்னில் ஸ்க்ரீன் கிரிட்டுக்கு இன்னொரு 470 ஓம், 1 வாட். சாம்ப்பின் மூல சர்க்யூட் படத்தில் இந்த இரண்டும் கிடையாது, ஃபெண்டரின் பிந்தைய ஆம்ப்களில் உண்டு. போட்டுவிடு. இன்புட்டில் 68கே இரண்டு இருக்கிறது, ஆனால் ஒன்றாம் ஜாக்கில் மாட்டினால் இரண்டும் இணையாகி 34கே ஆகிவிடும் என்பதை மறக்காதே. 12ஏஎக்ஸ்7 உள்ளே பிளேட்டுக்கும் கிரிட்டுக்கும் நடுவே இருக்கிற கன்டென்சர் குணம் 1.6 பிகோ ஃபாரட்தான். அந்த வால்வு ஐம்பது அறுபது மடங்கு பெருக்குவதால் கிரிட்டுக்கு அது 100 பிகோ ஃபாரட் போலத் தெரியும். அந்த நூறும் இந்த ரெசிஸ்டன்ஸும் சேர்ந்துதான் ரேடியோ அலைவரிசையை உள்ளே வராமல் தடுக்கிறது. ஜாக்கிலிருந்து 2ஆம் பின் தூரமென்றால் ஷீல்டு வயர் போடு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்.

பிளேட் ரெசிஸ்டன்ஸுக்குக் குறுக்கே ஒரு சின்ன கன்டென்சர் போட்டால் விசில் உடனே அடங்கும். அது கடைசி வழி. 1970களின் சில்வர்ஃபேஸ் ஆம்ப்கள் சிலவற்றில் ஃபெண்டரே பவர் வால்வு கிரிட்டில் 2000 பிகோ ஃபாரட் போட்டது, உள்ளே வயர் ஒழுங்காக இல்லாததால். அது மேல் ஸ்தாயியையும் சேர்த்துத் தின்றுவிடும். நீ கையால் ஒன்றே ஒன்று செய்கிறாய், உனக்கு அது எதற்கு?

விசில் இல்லாமல் ‘புட் புட் புட்’ என்று படகு எஞ்சின் மாதிரி வந்தால் அது வேறு. எச்.டி. வழியாகவே ஒரு வால்வின் ஆட்டம் இன்னொன்றுக்குப் போகிறது. எச்.டி. வரிசையில் இருக்கிற இன்னொரு 22கே-க்குப் பிறகு வருகிற கடைசி 8 மைக்ரோஃபாரட் கன்டென்சரைப் பார் (ஃபீட்பேக் 22கே இல்லை), அதன் எர்த் பற்று விட்டிருக்கும். புதிது போடும்போது 22 மைக்ரோஃபாரட் 450 வோல்ட் போதும். முதல் கன்டென்சரை அதற்கு மேல் ஏற்றாதே, 5ஒய்3 தாங்காது.

சீரிஸ் லாம்ப், அதாவது மெயின் வயரோடு வரிசையில் சேர்த்த பல்பு, இல்லாமல் ஆன் செய்யாதே. 60 வாட் இழை பல்பு, எல்.ஈ.டி. உதவாது. அங்கே பழைய பல்பு கிடைக்காவிட்டால் ஹாலஜன் வாங்கு. பாப்பா கைக்கு எட்டாத உயரத்தில் ஆம்ப்பை வை. பாப்பா அங்கே வருகிற நாட்களுக்குச் சொல்கிறேன்.

கன்டென்சர் இறக்குவது. 100கே, 5 வாட் ரெசிஸ்டன்ஸ் ஒன்று. இரண்டு முனையிலும் க்ளிப் வயர். முதலில் கறுப்பு க்ளிப்பைச் சேஸிஸில் மாட்டு. பிறகு ஒரே கையால் மற்றதை முதல் கன்டென்சரான 16 மைக்ரோஃபாரட்டின் பாசிட்டிவில் மாட்டு. மூன்று கன்டென்சரும் சேர்ந்து 32 மைக்ரோஃபாரட். இருபது விநாடி போதும், நீ ஒரு நிமிஷம் விடு. மீட்டரில் பார். பார்த்த பிறகும் க்ளிப்பை எடுக்காதே, வேலை முடிகிற வரை அங்கேயே இருக்கட்டும். எலெக்ட்ரோலிட்டிக் தானாகக் கொஞ்சம் திரும்ப ஏறும். ஆன் செய்வதற்கு முன்னால் ஞாபகமாக எடுத்துவிடு.

இதை எதற்கு இவ்வளவு சொல்கிறேன் என்றால், படத்தில் மேஜை ஓரத்தில் ஒரு ஸ்க்ரூடிரைவர் கிடக்கிறது. அதன் முனையில் கருகின பள்ளம். அந்தப் பள்ளம் எதனால் வரும் என்று எனக்குத் தெரியும். படித்தவன், இவ்வளவு கவனமாகப் பற்று வைக்கிறவன், இதைச் செய்யலாமா என்று இரண்டு நாள் உன் மேல் கோபமாக இருந்தேன். நேற்று இரவுதான் உறைத்தது, அது யாரிடம் நீ பார்த்தது என்று. கடை வாசலில் ஸ்கூல் பையோடு நீ நிற்பாய், நான் ஸ்க்ரூடிரைவரைக் குறுக்கே வைத்துப் படக்கென்று பொறி பறக்க இறக்குவேன். நீ கை தட்டுவாய். கேட்டதைச் சொல்லித் தராமல், கிட்டே வராதே, போய்ப் படி என்று விரட்டினேன். பொறியை மட்டும் பார்க்க விட்டேன்.

என் இடது உள்ளங்கைத் தழும்பு பெட்ரோமாக்ஸ் சுட்டது இல்லை. இரண்டு இஎல்34 வால்வு போட்ட ஆம்ப், ஆஃப் செய்துதான் இருந்தது. வலது கையில் மீட்டர் முனை, இடது கை சேஸிஸ் விளிம்பில். ஷாக் தூக்கி எறிந்தது. கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் தரையில் கிடந்தேன். நெஞ்சு ஒரு வாரம் சரியாக இல்லை. அம்மாவிடமும் சொல்லவில்லை, உங்களிடமும் சொல்லவில்லை. சொன்னால் பயப்படுவீர்கள் என்று நினைத்தேன். அது மட்டுமில்லை, எனக்கு வெட்கமாக இருந்தது. எது நடந்தாலும் ஷட்டரை இறக்கிக்கொண்டு தனியாகக் கிடப்பதையும் நீ என்னிடம்தான் பார்த்துப் பழகினாயோ என்று தோன்றுகிறது, எய்யா. அது நான் செய்த தப்பு.

அம்மாவிடம் நேற்று சொல்லிவிட்டேன். நாலு நாளைக்குப் பேசமாட்டாள் என்று நினைத்தேன், ஆனால் உடனே கையைப் பிடித்துப் பார்த்தாள். நீ அனுப்பிய படத்தையும் கேட்டாள். ஆம்ப்பை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன். பின்னால் இருக்கிற சுவரைக் காட்டவில்லை. அது எனக்குத் தெரிந்த சுவர் இல்லை. அந்த ஜன்னலும், அந்த ஒற்றை நாற்காலியும் உங்கள் வீட்டில் நான் பார்த்ததில்லை.

பழைய பெட்டியில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் போட்ட இசிசி83 இரண்டு, பிரிக்காத அட்டையோடு இருந்தது. 12ஏஎக்ஸ்7-க்கு அதே பின், அதே வால்வு. பஞ்சு வைத்துச் சுற்றி, தகர டப்பாவில் போட்டு, 100கே ரெசிஸ்டன்ஸில் க்ளிப் வயரும் பற்ற வைத்துக் கூடவே வைத்திருக்கிறேன். நூல் கட்டியாகிவிட்டது, மேலே விலாசம் மட்டும் எழுதவில்லை. எந்த விலாசத்துக்கு அனுப்பட்டும் என்று எழுது.

அன்புடன்,
அப்பா