சனிக்கிழமை வரும்போது ஒரு பழைய துணி

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

முதலில் என் தவற்றை ஒப்புக்கொண்டு விடுகிறேன். போன ஆண்டு விழாவில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் ஆடியது உங்களுக்கு நினைவிருக்கும். ஜிகினா வைத்த சாட்டின் உடைதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். நீங்களும் முகம் சுளிக்காமல் வாங்கித் தந்தீர்கள். பாட்டு ஓடியது 7 நிமிடம். அப்புறம் அந்த உடையை யாரும் தொடவில்லை. 32 உடைகளில் பாதி, "வீட்ல வைக்க இடமில்லை டீச்சர்" என்று பள்ளிக்கே திரும்பி வந்து பீரோவில் கிடக்கிறது.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்குத் தொடங்கும் துணிக்கழிவுக் கண்காட்சியில் வாசலிலேயே தராசில் தொங்கப்போவது அந்த மூட்டைதான். தூக்கிப் பாருங்கள்.

எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் முதலில் வழக்கம்போல சார்ட் பேப்பரில்தான் ஆரம்பித்தார்கள். உலகத்தில் ஆண்டுக்கு 9 கோடி டன்னுக்கு மேல் துணி குப்பையாகிறது என்று ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு சொல்வதைக் கொட்டை எழுத்தில் எழுதி ஒட்டினார்கள். ஓவிய ஆசிரியர் பார்த்துவிட்டு, "இதை எங்கம்மாகூட நின்னு படிக்க மாட்டாங்க" என்றார். அன்றைக்கே சார்ட்டுகள் இறங்கிவிட்டன. இப்போது இருப்பதெல்லாம் தொட்டும் தூக்கியும் நடந்தும் பார்க்கிற சங்கதிகள்.

ஒரு பருத்தி டி-சர்ட்டுக்குச் சுமார் 2,700 லிட்டர் தண்ணீர் செலவாகும் என்று கணக்குச் சொல்கிறார்கள். 15 லிட்டர் குடத்தில் 180 குடம். அத்தனையையும் மைதானத்தில் சாக்பீஸால் வரிசையாக வரைந்திருக்கிறார்கள். கடைசிக் குடம் சைக்கிள் ஸ்டாண்டைத் தாண்டிவிட்டது. குழாயடியில் மேட்டூர்த் தண்ணீருக்குக் காத்திருக்கும் நமக்கு அதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

அடுத்தது நெருப்பு. இதை அறிவியல் ஆசிரியை மட்டுமே செய்வார், பிள்ளைகள் தள்ளி நின்றுதான் பார்ப்பார்கள், பயப்பட வேண்டாம். மணல் போட்ட இரும்புச் சட்டிக்கு மேல் ஒரு பருத்தி நூலை இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் காகிதம் எரிகிற வாசனை வரும். தொட்டால் உதிர்கிற சாம்பல் மிஞ்சும். சாட்டின் உடையிலிருந்து உருவிய நூலோ தீயைக் கண்டதும் சுருங்கி, உருகி, கடுகு மாதிரி கறுப்பாக உருண்டு நிற்கிறது. ஆறிய பிறகு நகத்தால் அழுத்தினாலும் உடைவதில்லை. அந்தச் சாட்டின் பாலியஸ்டர் நூலில் நெய்தது. பாலியஸ்டர் பெட்ரோலியத்திலிருந்து வருவது, மண்ணில் எளிதில் மக்காது. அதைப் பருத்தியோடு கலந்து நூற்றுவிட்டால் பிரித்தெடுத்து மறுபடி நூலாக்குவதும் பெரும்பாடு. கசங்காது என்று நாம் ஆசையாக வாங்குவது பெரும்பாலும் அந்தக் கலப்பைத்தான்.

துளை போட்ட பெட்டிக்குள் கையை விட்டு என்ன துணி என்று சொல்கிற விளையாட்டும் உண்டு. ஒத்திகையில் நான் மூன்றில் இரண்டைத் தப்பாகச் சொன்னேன். அம்மாப்பேட்டையில் காலமெல்லாம் தறி நெய்த ஒரு பாட்டி, பேத்தியைக் கூப்பிட வந்தவர், சும்மா கையை விட்டார். "இது பட்டில்லை கண்ணு. பட்டுன்னா கசக்கினா சத்தம் போடும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

தறியை நம்பிப் பிழைக்கிற ஊரில் துணி வாங்காதே என்று பிள்ளைகளுக்குச் சொல்லலாமா என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. நானும் தறிச் சத்தத்தில் உட்கார்ந்து படித்தவள்தான். வாங்காதே என்று கண்காட்சியில் எங்கும் எழுதவில்லை. என் அம்மாவின் நூல் சேலை ஒன்று, கட்டிக் கட்டி நைந்த பிறகு என் தம்பிக்குத் தூளியானது, அப்புறம் தலையணை உறை, கடைசியில் கரித்துணி. அந்தக் கணக்கில் என் சாட்டின் மூட்டையை எங்கே வைப்பது என்பதுதான் பிள்ளைகளின் கேள்வி.

முடிவில் ஒரு மரச்சட்டம் இருக்கும். விசைத்தறிக் கூடத்தில் மிஞ்சிய நூலைக் கேட்டு வாங்கி நீளவாக்கில் பாவு கட்டியிருக்கிறோம். குறுக்கே ஓடும் ஊடைக்கு உங்கள் வீட்டுத் துணி. துவைத்துக் காய்ந்த ஒரே ஒரு பழைய துணி போதும். மூட்டை வேண்டாம், பீரோவில் இடமில்லை. இரண்டு விரல் அகலத்துக்குக் கிழித்து நீங்களே கோத்துவிட்டுப் போகலாம். பிள்ளைகளுக்கு இதற்கென்று புது உடை எதுவும் எடுக்காதீர்கள், சீருடை போதும்.

பாவு ஒரு பக்கம் தொய்ந்து கிடக்கிறது. தறி தெரிந்த பெற்றோர் யாராவது 9 மணிக்கே வந்து இழுத்துக் கட்டிக் கொடுத்தால் நல்லது.

இப்படிக்கு,
தலைமையாசிரியை