கொலிஸ்டின் வில்லையை அகார் பிளேட்டில் வைக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத கிருமிகள் பற்றி நாளிதழ்களில் அடிக்கடி செய்தி வருகிறது. அவற்றைக் கண்டறியும் லேபிலேயே நடக்கும் ஒரு தவறு பற்றி யாரும் பேசுவதில்லை.

ஐசியு நோயாளியின் ரத்தத்தில் வளரும் க்ளெப்சியெல்லா என்ற பாக்டீரியா, மெரோபெனெம் என்ற வலுவான ஆன்டிபயாடிக்குக்கும் அடங்காதபோது, பல நேரங்களில் கடைசிக்கட்ட மருந்தான கொலிஸ்டினைத்தான் நாட வேண்டியிருக்கிறது. சில லேப்களில் இன்னும் மற்ற மருந்துகளைப் போலவே கொலிஸ்டின் வில்லையையும் (மருந்து தோய்த்த சிறு காகித வட்டு) கிருமி தடவிய அகார் பிளேட்டில் (கூழ் போன்ற வளர்ப்பு ஊடகம்) வைத்து, மறுநாள் வில்லையைச் சுற்றிக் கிருமி வளராத வட்டத்தை அளந்து, 'எஸ்' (மருந்துக்கு அடங்கும்) என்று ரிப்போர்ட் தருகிறார்கள். அந்த 'எஸ்'-ஐ நம்பவே முடியாது.

வில்லை முறை மோசமானது என்று சொல்லவில்லை. அகார் சரியாக 4 மி.மீ. கனத்தில் இருந்தால், 30 மைக்ரோகிராம் செஃபாக்ஸிடின் வில்லை ஒன்றே எம்ஆர்எஸ்ஏ-வை (மெத்திசிலினுக்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி) காட்டிக்கொடுத்துவிடும். கொலிஸ்டின் விஷயம் வேறு. அதன் மூலக்கூறு பெரியது. அகாருக்குள் சரியாகப் பரவாது. அடங்கும் கிருமிக்கும் அடங்காத கிருமிக்கும் வட்டத்தில் ஓரிரு மி.மீ. வித்தியாசம்தான் தெரியும். மருந்தளவு படிப்படியாக மாறும் ஈ-டெஸ்ட் பட்டையை அகாரில் வைத்தாலும் இதே கோளாறு.

நுண்குழிகளில் வெவ்வேறு மருந்தளவுள்ள திரவ ஊடகத்தில் (பிராத்) கிருமியை வளர்த்துப் பார்க்கும் பிராத் மைக்ரோடைல்யூஷனே நம்பகமான முறை. அதற்கு வசதியில்லாத லேப், கையிலிருக்கும் அதே 10 மைக்ரோகிராம் வில்லைகளைக் கொண்டே சரியாகச் சோதிக்கலாம். கால்சியமும் மக்னீசியமும் அளவு சரிசெய்த முல்லர்-ஹின்டன் பிராத்தை நான்கு கண்ணாடிக் குழாய்களில் 10 மி.லி. வீதம் எடுங்கள். ஒன்றில் வில்லை வேண்டாம். மற்றவற்றில் 1, 2, 4 வில்லைகள். மருந்து கரைந்து இறங்க அரைமணி நேரம் அறை வெப்பநிலையில் விடுங்கள். கிருமியை 0.5 மெக்ஃபார்லண்ட் (கலங்கலை அளக்கும் அளவுகோல்) கலங்கலாக்கி, 15 நிமிடத்துக்குள் ஒவ்வொரு குழாயிலும் 50 மைக்ரோலிட்டர் சேர்த்து, 35 டிகிரியில் 16 முதல் 20 மணி நேரம் வையுங்கள். பிளாஸ்டிக் குழாய் கூடவே கூடாது. கொலிஸ்டின் அதன் சுவரில் ஒட்டிக்கொள்ளும். மருந்தளவு குறைந்து, மருந்துக்கு அடங்கும் கிருமியும் அடங்காததுபோலத் தெரியும்.

கிருமி வளர்ந்தால் குழாய் கலங்கும். வில்லையில்லாத குழாய் கலங்கியிருக்க வேண்டும். தெளிவாக இருந்தால் சோதனையே செல்லாது. 2 வில்லைகள் போட்ட குழாயும் கலங்கியிருந்தால் கிருமி கொலிஸ்டினுக்கு அடங்காது. 2 வில்லைக் குழாய் தெளிந்து, 4 வில்லைக் குழாய் கலங்கினால் மறுபடி செய்யுங்கள். கூடவே தரக்கட்டுப்பாட்டுக் கிருமியான ஈ.கோலை ஏடிசிசி 25922-ஐயும் சோதியுங்கள். அதில் 2 வில்லைகள் போட்ட குழாய் தெளிந்திராவிட்டால் அன்றைய முடிவுகளை வெளியிடாதீர்கள். அசினெட்டோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு இந்த முறை பொருந்தாது. புரோட்டியஸ், செர்ரேஷியா ஆகிய இரண்டு பாக்டீரியாக்களும் பிறவியிலேயே கொலிஸ்டினுக்கு அடங்காதவை. அவற்றுக்குச் சோதனையே தேவையில்லை.

ஒரு சோதனைக்கு ஏழு வில்லை, நான்கு குழாய். ஐசியுவில் ஒரு நாள் படுக்கைக் கட்டணத்தோடு ஒப்பிட்டால் இது செலவே அல்ல.

மருத்துவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். லேப் தரநிலைகளை வகுக்கும் சிஎல்எஸ்ஐ அமைப்பின் வழிகாட்டி 2020-லேயே க்ளெப்சியெல்லா போன்ற கிருமிகளுக்குக் கொலிஸ்டினில் 'எஸ்' என்ற பிரிவை நீக்கிவிட்டது. எம்ஐசி (கிருமி வளர்ச்சியைத் தடுக்கும் மிகக் குறைந்த மருந்தளவு) மி.லி.க்கு 2 மைக்ரோகிராம் வரை 'ஐ' (இடைநிலை), 4-லிருந்து 'ஆர்' (அடங்காது). சிஎல்எஸ்ஐ-யைப் பின்பற்றும் லேபிலிருந்து கொலிஸ்டின் 'எஸ்' என்று ரிப்போர்ட் வந்தால், எந்த முறையில் பார்த்தீர்கள், எம்ஐசி எவ்வளவு என்று கேளுங்கள். பதில் 'அகாரில் வைத்த வில்லை' என்றால், அந்த வரியை அடித்துவிட்டு மாதிரியை வேறு லேபுக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் ஆய்வகப் பணியாளர்,
மதுரை.