பரிசுக்கு நலங்கு மாவு அரைப்பவர்களுக்கு: நாட்டு மருந்துக் கடையிலிருந்து ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

ஆவணி பிறந்துவிட்டால் எங்கள் கடையில் கேட்கும் கேள்விகள் மாறிவிடும். சளிக்கும் செரிமானத்துக்கும் மருந்து கேட்டு வந்தவர்கள், "கொலு பார்க்க வருகிறவர்களுக்கு வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுக்க நாங்களே ஏதாவது செய்யலாம் என்றிருக்கிறோம்" என்று பட்டியலோடு வருகிறார்கள். எவர்சில்வர் கிண்ணமும் பிளாஸ்டிக் டப்பாவும் கொடுத்தும் வாங்கியும் எல்லோருக்கும் சலித்துவிட்டது போலும். நலங்கு மாவு, உதட்டுக்குத் தைலம், தலைக்கு எண்ணெய், சோப்பு என்று வீட்டிலேயே செய்து கட்டிக் கொடுக்க நினைப்பது நல்ல விஷயம். பொருள் விற்கும் எங்களுக்கும் அதில் மகிழ்ச்சிதான். ஆனால் கேட்டதை நிறுத்துப் போடாமல் "எதற்கு, யாருக்கு, எப்போது கொடுக்கப் போகிறீர்கள்?" என்று நாங்கள் விசாரிப்பதும், சில பொருட்களை வேண்டாம் என்பதும் சிலருக்கு வருத்தமாக இருக்கிறது. அதற்கான காரணங்களைச் சொல்லத்தான் இந்த மடல்.

உங்களுக்காக ஒன்றைச் செய்துகொண்டால், அது கெட ஆரம்பித்ததும் உங்கள் மூக்குக்குத் தெரிந்துவிடும், தூக்கி எறிந்துவிடுவீர்கள். பரிசு அப்படியில்லை. வாங்கியவர் அன்றே திறக்கலாம், தைப்பொங்கலுக்குத் திறக்கலாம், பிரிக்காமலேயே இன்னொருவருக்குத் தாம்பூலத்தில் வைத்துக் கொடுத்தும்விடலாம். நம் ஊரில் அது நடக்காத காரியமல்ல. உள்ளே என்ன இருக்கிறது, எப்போது செய்தது என்று அந்த மூன்றாவது வீட்டுக்காரருக்குத் தெரியாது. ஆகவே கவனிப்பார் இல்லாமலே சில மாதம் தாங்கும் பொருளைத்தான் பரிசுக்குச் செய்ய வேண்டும். தண்ணீர் சேராத பொருள் தாங்கும். தண்ணீர் சேர்ந்தது தாங்காது. உலர்ந்த மாவு, எண்ணெய், மெழுகு சேர்த்த தைலம் மூன்றுக்கும் நாங்கள் தாராளமாக உதவுகிறோம். கற்றாழைச் சோறு, பன்னீர், பால், தயிர், எலுமிச்சைச் சாறு சேர்த்த க்ரீம் என்றால் தயங்குகிறோம்.

"வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்து ஊற்றினால் கெடாதாமே" என்று பலர் கேட்கிறார்கள். அது எண்ணெய் சிக்கு வாடை அடிப்பதைத் தள்ளிப்போடும். பூஞ்சையையும் கிருமியையும் தடுக்காது. தண்ணீரும் எண்ணெயும் கலந்த க்ரீமில் கிருமி பெருகுவது ஆரம்பத்தில் கண்ணுக்கும் தெரியாது, மூக்குக்கும் தெரியாது. குளிர்பதனப் பெட்டியில் வைக்கச் சொல்லலாம் என்றால், பரிசாகப் போனது குளியலறை மாடத்தில்தான் உட்காரும். அதற்குரிய பாதுகாப்புப் பொருளை அளந்து சேர்க்கத் தெரியாதவர்கள் க்ரீம் பக்கம் போக வேண்டாம்.

இனி நலங்கு மாவு. எங்கள் கடையில் கட்டிக் கொடுக்கும் அளவு இது: பச்சைப்பயறு 500 கிராம், கடலைப்பருப்பு 250 கிராம், கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, கோரைக்கிழங்கு, காய்ந்த ஆவாரம்பூ, காய்ந்த ரோஜா இதழ் ஒவ்வொன்றும் 50 கிராம், வெட்டிவேர் 25 கிராம். கார்போக அரிசி என்ற விதை பல பழைய பட்டியல்களில் இருக்கும். பரிசு மாவில் அதைச் சேர்க்க வேண்டாம் என்கிறோம். அதில் சோராலென் என்ற பொருள் உண்டு. பூசிக்கொண்டு வெயிலில் போனால் சிலருக்குத் தோல் கன்றிக் கறுத்துவிடும். வெண்புள்ளிக்கு மருத்துவர்கள் இந்த வகைப் பொருளை ஒளிச் சிகிச்சையோடு அளவு பார்த்துத்தான் தருகிறார்கள். கஸ்தூரி மஞ்சளைக் கிழங்காகவே வாங்குங்கள். தூளாக வாங்கினால் வேறு கிழங்கின் தூளைக் கலந்து விற்பது தெரியாது.

பயறும் கிழங்கும் நல்ல வெயிலில் காய வேண்டும், பூக்கள் நிழலில். பயறு ஒடித்தால் சட்டென்று இரண்டாக வேண்டும். ஈரம் இருந்தால் மாவு கட்டி தட்டும், வண்டு வரும். ஐப்பசி அடைமழையில் எதையும் காயவைக்க முடியாது. தீபாவளிக்குக் கொடுப்பதாக இருந்தாலும் புரட்டாசிக்குள் அரைத்து வைத்துவிடுவது புத்திசாலித்தனம்.

மில்லில்தான் முக்கால்வாசி நலங்கு மாவு கெட்டுப்போகிறது. உங்களுக்கு முன்னால் வந்தவர் மிளகாய் வற்றல் அரைத்திருந்தால், கல்லிலும் துணிப்பையிலும் ஒட்டிய காரம் உங்கள் மாவில் இறங்கும். அதை முகத்தில் பூசிக்கொள்பவரை நினைத்துப் பாருங்கள். காலையில் மில் திறந்ததும் முதல் ஆளாகப் போங்கள். இரண்டு பிடி பச்சரிசியை முதலில் ஓடவிட்டு, அந்த மாவைத் தனியாக எடுத்துவிடச் சொல்லுங்கள். வெட்டிவேரைக் கத்தரியால் பொடிப்பொடியாக நறுக்கிக் கொண்டுபோங்கள். முழு வேர் கல்லில் சுற்றிக்கொண்டால் மில்காரர் முகத்தில் விழிக்க முடியாது. அரைத்த மாவு கை பொறுக்காத சூட்டில் வரும். அப்படியே டப்பாவில் போட்டு மூடினால் உள்ளே வியர்த்து, மூடியின் அடியில் நீர் முத்துமுத்தாக நிற்கும். வீட்டுக்கு வந்ததும் சுத்தமான வெள்ளை வேட்டியில் பரப்பி, நன்றாக ஆறிய பிறகு மெல்லிய துணியில் சலித்து அடையுங்கள். செய்தித்தாளில் பரப்ப வேண்டாம், மை ஒட்டும்.

தலைக்கு எண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான். பச்சைக் கறிவேப்பிலையும் செம்பருத்தியும் போட்டால், எண்ணெயின் சலசலப்பு முழுக்க அடங்கும்வரை இறக்காதீர்கள். ஓசை இருக்கிறது என்றால் நீர் இருக்கிறது. நிறத்துக்கு வேம்பாளம்பட்டையைத் துணியில் கட்டிச் சூடான எண்ணெயில் போட்டால் அழகான சிவப்பு இறங்கும்.

உதட்டுத் தைலத்துக்கு நிறம் வேண்டும் என்று பீட்ரூட் பொடி வாங்கிப் போகிறவர்கள் உண்டு. பீட்ரூட்டின் சிவப்பு தண்ணீரில்தான் கரையும், எண்ணெயில் கரையாது. பொடி அடியில் மண்ணாகத் தங்கும். உதட்டில் பூசுவது கொஞ்சம் வயிற்றுக்குள்ளும் போவதால் நிறமே இல்லாமல் செய்யுங்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரியிலேயே உருகிவிடும். நம் ஊர் வெயிலில் அது எப்போதும் உருகித்தான் இருக்கும். தேன்மெழுகு உருக 62 டிகிரிக்கு மேல் வேண்டும். மெழுகு ஒரு பங்கு, எண்ணெய் மூன்று பங்கு என்று எடை போட்டு, கொதிநீர்ச் சட்டியின்மேல் கிண்ணம் வைத்து உருக்குங்கள். குளிர்நாட்டுச் செய்முறைகளில் எண்ணெய் இன்னும் கூடுதலாக இருக்கும். கூரியர் வண்டியில் ஒரு மதியம் கிடந்தால் அது குழம்பாகிவிடும். ஒரு சொட்டைக் குளிர்ந்த கரண்டியில் விட்டு நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு டப்பாவில் ஊற்றுங்கள். முழுதும் இறுகி ஆறிய பிறகே மூடுங்கள். வாசனைத் தைலம் 100 கிராமுக்கு 20 சொட்டுக்கு மேல் வேண்டாம். பரிசுக்கு அதற்கும் குறைவே நல்லது.

சோப்பைப் பற்றி எங்கள் கருத்து கொஞ்சம் கறாரானது. காஸ்டிக் சோடா வைத்து முதல்முறை செய்யும் சோப்பை யாருக்கும் பரிசாகக் கொடுக்காதீர்கள். 500 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 73 கிராம் சோடா போட்டால் ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய் சோப்பாகாமல் தோலுக்கென்று மிஞ்சும். 92 கிராமைத் தாண்டினால் சோடா மிஞ்சித் தோலை அரிக்கும். இந்த இடைவெளியை டம்ளரிலும் கரண்டியிலும் அளக்க முடியாது. எலக்ட்ரானிக் தராசு, கையுறை, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி இல்லாதவர்களுக்கு நாங்கள் சோடா தருவதில்லை. தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும். சோடாவின்மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது. அலுமினியப் பாத்திரம் ஆகவே ஆகாது. செய்த பிறகு 4 முதல் 6 வாரம் காற்றாட வைக்க வேண்டும். அப்படிச் செய்த சோப்பைக் காகிதத்தில் சுற்றலாம். கடையில் வாங்கி உருக்கி அச்சில் ஊற்றும் சோப்புக் கட்டியில் செய்ததோ, கிளிசரின் இருப்பதால் மழைக்காலத்தில் வியர்க்கும். அச்சிலிருந்து எடுத்தவுடன் காற்றுப் புகாமல் சுற்ற வேண்டும்.

கட்டிக் கொடுப்பதற்கு வருவோம். கண்ணாடிக் குப்பியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தால் போதும் என்று நினைக்கிறார்கள். குப்பி காய்ந்துவிடும், மூடிக்குள் இருக்கும் வட்ட அட்டை காயாது. நகத்தால் நெம்பி எடுத்துத் தனியாக வெயிலில் போடுங்கள், இல்லையென்றால் மாவின் மேற்பகுதியில் முதலில் பூஞ்சை பூக்கும்.

எங்கள் பக்கத்தில் சீர்வரிசைக்கு வைக்கும், பனை ஓலையில் பின்னிய கொட்டானைவிட இதற்குப் பொருத்தமான பெட்டி கிடையாது. செட்டிநாட்டுக் கொட்டானுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. மாவு தீர்ந்த பிறகு பூப் பறிக்கவோ, சில்லறை போடவோ வைத்துக்கொள்வார்கள். ஆனால் மாவை நேராகக் கொட்டானில் கொட்டாதீர்கள். இடுக்கு வழியாகச் சிந்தும், ஈரமும் ஏறும். பட்டர் பேப்பர் உறையில் 100 கிராம் போட்டு இரண்டு மடிப்பு மடித்து, நூலால் கட்டி உள்ளே வையுங்கள். பழைய ஓலைக்கு ஒரு வெயில் காட்டிவிடுங்கள். தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் பிளாஸ்டிக் கைப்பை தடையில் இருப்பதால், மொத்தமாகக் கொடுக்க மஞ்சப்பையே சரி.

ஒவ்வொன்றிலும் ஒரு சீட்டு இருக்கட்டும். அதில் உள்ளவை அத்தனையும், செய்த தேதி, எதுவரை பயன்படுத்தலாம், ஈரக் கரண்டி போடக் கூடாது என்பது. மாவுக்கும் தைலத்துக்கும் 6 மாதம் எழுதுங்கள். பாதாம் எண்ணெய், நல்லெண்ணெய் சேர்த்திருந்தால் கட்டாயம் எழுதுங்கள், ஒவ்வாதவர்கள் இருக்கிறார்கள். முழங்கையின் உட்புறத்தில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போகச் சொல்லுங்கள். ஸ்கெட்ச் பேனா மை எண்ணெய்க் கை பட்டால் கலங்கும், பால்பாயின்ட் போதும். கைக்குழந்தை உள்ள வீட்டுக்கு இவற்றைக் குழந்தைக்கென்று கொடுக்காதீர்கள். மாவு பறந்து மூச்சில் ஏறும். அந்தத் தோலுக்கு எது ஆகும் என்பதை மருத்துவர் சொல்லட்டும்.

கடைசியாக, "உங்கள் கடை லேபிளை ஒட்டிக்கொள்ளலாமா?" என்ற கேள்விக்குப் பதில், கூடாது. அன்பளிப்பு வேறு, விற்பனை வேறு. அழகு சாதனப் பொருளை விற்பனைக்காகத் தயாரிக்க 1940ஆம் ஆண்டு மருந்து மற்றும் அழகு சாதனப் பொருட்கள் சட்டத்தின் கீழும், 2020ஆம் ஆண்டு விதிகளின்படியும் உரிமம் வேண்டும். கொலுவுக்குக் கொடுத்ததைப் பார்த்து நாலு பேர் காசு கொடுத்துக் கேட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் விற்கத் தொடங்கினால், அந்தக் கணமே நீங்கள் உற்பத்தியாளர். அந்த எண்ணம் இருந்தால் முதலில் உரிமத்துக்கு விண்ணப்பியுங்கள். அதற்கான வழியைச் சொல்கிறோம்.

கொட்டான் பின்னுகிறவர்களுக்கு நவராத்திரி நேரத்தில் கல்யாண ஆர்டரும் சேர்ந்துகொள்ளும். எத்தனை வேண்டும், என்ன அளவு, மூடி வைத்ததா இல்லாததா என்பதை ஆவணி முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். நலங்குச் சாமான் வாங்க வரும்போது தூக்குப் பாத்திரமோ துணிப்பையோ கொண்டுவாருங்கள். கிழங்குகளை உடைத்தே தருகிறோம், மில்காரர் உங்களை வாழ்த்துவார்.

அன்புடன்,
நாட்டு மருந்துக் கடை,
காரைக்குடி.