மலைக்குப் பட்டா உண்டா?

அன்புள்ள முருகேசா,

உன் கடிதம் வந்தபோது நான் ஊரில் இல்லை. முழங்கால் வலி எப்படி இருக்கிறது? எண்ணெய் தேய்ப்பதை விட்டுவிடாதே.

மகளுக்கு ஒடிசாவில் ராயகடாவுக்கு மாற்றலாகிவிட்டது, பார்க்கப் போயிருந்தேன். புதன்கிழமை சாட்டிகோனா சந்தைக்குக் கூட்டிப்போனாள். நியம்கிரி மலையிலிருந்து டோங்கிரியா கோந்த் பழங்குடிப் பெண்கள் அன்னாசியும் மஞ்சளும் சுமந்து இறங்கி வருகிறார்கள். மூக்கில் மூன்று வளையம், கூந்தலில் வரிசையாகக் கிளிப்புகள். ஒருத்தி போர்த்தியிருந்த வெள்ளைத் துணியில் முக்கோணம் முக்கோணமாகத் தையல். அதெல்லாம் மலை என்றாள் மகள். விலை கேட்டேன், அந்தப் பெண் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அவர்கள் பேசும் 'குவி' என்ற மொழியும் திராவிட மொழிதான், தமிழுக்குத் தூரத்துச் சொந்தம். எனக்கோ ஒரு சொல்லும் பிடிபடவில்லை.

'காகிதம் இல்லாதவனுக்கு நிலம் ஏது' என்று எழுதியிருக்கிறாய். முப்பது வருடம் தாலுகா ஆபீசில் பட்டா, சிட்டா பார்த்தவன் வேறெப்படி எழுதுவாய்? இதைக் கேள். அந்த மலை உச்சியில் பாக்சைட் இருக்கிறது, அலுமினியத்துக்கான தாது. தோண்ட அனுமதி கிடைக்கும் முன்பே லாஞ்சிகரில் வேதாந்தாவின் அலுமினா ஆலை எழும்பிவிட்டது. உலையை ஏற்றிவிட்டு அரிசிக்கு அலைகிற கதை. 2013 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், தோண்டலாமா என்று வன உரிமைச் சட்டப்படி கிராம சபைகளைக் கேளுங்கள் என்றது. அந்த மழைக்காலத்தில், மாவட்ட நீதிபதி முன்னிலையில் 12 ஊர்கள் கூடின. பன்னிரண்டும் மறுத்தன. அவர்களுக்கு மலை முழுவதும் நியம் ராஜா என்ற தெய்வம். தெய்வத்தில் எதை அளந்து எதை விடுவது? ஓடைகள் கோடையிலும் ஓடுவதற்கு அந்த பாக்சைட் படுகையும் ஒரு காரணம், மழைநீரைப் பிடித்துவைத்து மெல்லக் கசியவிடுமாம். 2014 ஜனவரியில் மத்திய அரசும் அனுமதி இல்லை என்றுவிட்டது. சர்வே எண் காட்டி வென்ற வழக்கல்ல முருகேசா, வாயால் சொல்லி வென்றது.

ஆனால் ஆலை நிற்கவில்லை, வேறிடத்து பாக்சைட்டில் ஓடுகிறது. இப்போது பக்கத்தில் சிஜிமலி குன்றின் பாக்சைட்டுக்கு வேதாந்தா குறி வைத்திருக்கிறது. 2023இல் கிராம சபைகள் சம்மதித்ததாகத் தீர்மானம் காட்டுகிறார்கள். அப்படிச் சபையே கூடவில்லை, கையெழுத்தெல்லாம் போலி என்கிறார்கள் ஊர்க்காரர்கள். எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. ஒரே விரல் ரேகை பதினோரு பெயருக்கு எதிரே இருந்ததைக் கண்டுபிடித்து, மனுவைத் திருப்பியனுப்பியவன் நீதானே.

உனக்கென்று வாங்கிய அன்னாசி ரயிலிலேயே அழுகிவிட்டது. மஞ்சள் மட்டும் பார்சலில் வருகிறது.

அன்புடன்,
சிவராமன்