வார்விக் சந்திப்பு: கண்ணாடிக் கூரைக்கு முன் வடிகால்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் ரயிலும் பஸ்ஸும் டாக்ஸியும் கூடும் வார்விக் சந்திப்பை அடியோடு இடித்துவிட்டு, கண்ணாடிக் கூரையும் நகரும் படிக்கட்டும் கொண்ட ஒரே பெரிய நிலையமாகக் கட்ட வேண்டும் என்று சென்ற இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். காலை நெரிசலில் இடிபடுகிறவர்களுக்கு அந்த ஆசை வருவது நியாயம்தான். ஆனால் எதை எடுத்தால் எது நின்றுபோகும் என்ற கணக்கு இல்லாமல் அங்கே ஒரு செங்கல்லையும் பெயர்க்கக் கூடாது.

நாளொன்றுக்கு சுமார் 4,60,000 பேர் கடந்து போகும் இடம் அது. பெரியா ரோடு ரயில் நிலையம், 5 பேருந்து நிலையங்கள், 19 டாக்ஸி ரேங்க்குகள், அதாவது பலர் சேர்ந்து ஏறும் சிறு வேன்கள் நிற்கும் இடங்கள். சாட்ஸ்வொர்த்திலிருந்து ரயிலில் வந்து இறங்குகிறவர் வடக்கே போகும் பஸ்ஸையோ டாக்ஸியையோ பிடிக்க நடந்துதான் ஆக வேண்டும். அந்த நடைவழியில்தான் எர்லி மார்னிங் மார்க்கெட்டும், விக்டோரியா தெரு மார்க்கெட்டும், மூலிகைச் சந்தையும் இருக்கின்றன. கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் மதும்பிக் கிழங்கும் வாங்க நம்மவர்கள் தனியாக ஒரு பயணம் போவதில்லை, வண்டி மாறும்போதே வாங்கிவிடுகிறார்கள்.

ஆகவே முதலில் அளக்க வேண்டியது நடைவழி. புதிய நீல நிறப் புறநகர் ரயிலில் ஆறு பெட்டிக்கு சுமார் 1,200 பேர் ஏறலாம். பாதிப்பேர் இங்கே இறங்கினால்கூட 600 பேர். இரண்டு நிமிடத்தில் நடைமேடை காலியாக வேண்டுமானால் நிமிடத்துக்கு 300 பேர் வெளியேற வேண்டும். நெரிசலாகாமல் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 45 பேர் நடக்கலாம், படியில் 33 பேர்தான். அப்படியானால் சமதளத்தில் சுமார் 7 மீட்டரும் படியில் சுமார் 9 மீட்டரும் தேவை. இது சுவருக்குச் சுவர் அளக்கும் அகலம் அல்ல. சுவரோரம் அரை மீட்டர் யாரும் நடக்க மாட்டார்கள். ஒரு கூடை வைத்தால், அதன் முன் நின்று பேரம் பேசுகிறவருக்கு இன்னொரு மீட்டர் போய்விடும். வரைபடத்தில் கூடையை மட்டும் போட்டுவிட்டு வாங்குகிறவரை மறந்துவிடுவதால்தான் கட்டி முடித்த நடைவழிகள் ஒரே மாதத்தில் அடைபடுகின்றன. இதற்கு வழி வியாபாரியை விரட்டுவதல்ல, ஓட்டத்துக்கு வெளியே பக்கவாட்டில் அவருக்கு ஓர் இடம் வெட்டித் தருவது. நடைபாதையில் உட்கார்ந்திருந்த மூலிகை வியாபாரிகளுக்கு, பயன்படாமல் கிடந்த விரைவுச்சாலைப் பாலத் துண்டைச் சந்தையாக மாற்றிக் கொடுத்ததும் இதே நகராட்சிதான். அந்த அறிவு இங்கே ஏற்கனவே இருக்கிறது.

நகரும் படிக்கட்டு பற்றியும் ஒரு வார்த்தை. மின்சாரம் போனால் அது வெறும் படி. அதுவும் சாதாரணப் படியைவிட உயரமான படி, தக்காளிக் கூடையோடு ஏற முடியாது. மார்க்கெட்டில் தள்ளுவண்டி இழுப்பவர்களுக்குச் சரிவுப் பாதைதான் வேண்டும். 12-க்கு 1 சரிவு என்றால் 6 மீட்டர் ஏற 72 மீட்டர் நீளம், இடையில் நின்று மூச்சுவிடும் தளங்கள் தனி. அவ்வளவு நீளத்துக்கு முதலிலேயே இடம் ஒதுக்காவிட்டால் பிறகு எங்கும் திணிக்க முடியாது.

டாக்ஸி ரேங்க்கில்தான் பெரும்பாலான திட்டங்கள் சறுக்குகின்றன. 15 பேர் ஏறும் வண்டி நிரம்பிப் புறப்பட மூன்று நிமிடம் என்று வைத்தால் ஒரு தடத்தில் மணிக்கு 20 வண்டி, 300 பேர். ஒரு திசையில் மணிக்கு 3,000 பேர் என்றால் பத்துத் தடங்கள். இதுவரை எல்லோரும் கணக்குப் போடுகிறார்கள். காலை ஒன்பது மணிக்குமேல் அதே வண்டிகள் மாலைவரை எங்கே நிற்கும்? ஏற்றும் இடத்தைவிடப் பல மடங்கு பெரிய காத்திருப்பு இடம் வேண்டும். அது இல்லையென்றால் வண்டிகள் தெருவில் நிற்கும், அங்கேயே கழுவப்படும், சோப்பும் எண்ணெயும் மழைநீர் வடிகாலில் இறங்கும். கழுவும் தளத்துக்கு எண்ணெய் பிரிக்கும் தொட்டி வைத்து, கழிவுநீர்க் குழாயோடுதான் இணைக்க வேண்டும்.

சந்திப்பில் மாட்டுத்தலை சமைத்து விற்பவர்களின் பகுதியில் நடந்ததும் இதே கதைதான். கொழுப்பு சூடாக இறங்கும்போது தண்ணீர்போல ஓடும், குழாயில் ஆறியதும் மெழுகாக ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் மக்காச்சோள மட்டை வந்து சிக்கினால் அடுத்த மழைக்குத் தெரு குளம். கொழுப்பைப் பிடித்து நிறுத்தும் தொட்டி கட்டினால் மட்டும் போதாது. வாராவாரம் திறந்து வழிக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மாதாமாதம் சம்பளம் வேண்டும்.

பணத்தின் சிக்கலே இங்குதான். கட்டுவதற்கு தேசிய அரசின் மானியம் வரும், நாடா வெட்ட அமைச்சர் வருவார். தொட்டி வழிக்கவும், விளக்கு மாற்றவும், காலை நான்கு மணிக்குக் கழிப்பறை திறக்கவும் நகராட்சியின் நடப்புச் செலவிலிருந்துதான் எடுக்க வேண்டும். கோ டர்பன் என்ற நகராட்சியின் விரைவுப் பேருந்துத் திட்டத்தில் பிரிட்ஜ் சிட்டி முதல் பைன்டவுன் வரையிலான தடத்தில் நிலையங்கள் எழும்பிய பின்னும் பேருந்து ஓடாமல் ஆண்டுக்கணக்கில் கிடந்ததை எல்லோரும் பார்த்தோம். டாக்ஸிக்காரர்களோடு பேரம் முடியுமுன் கான்கிரீட் போட்டதன் விளைவு அது. ஜோகன்னஸ்பர்க் பக்கம் 2010-இல் ஓடத் தொடங்கிய கௌட்ரெயின் விரைவு ரயிலில், பயணிகள் எண்ணிக்கை குறைந்தால் வித்தியாசத்தைக் கௌடெங் மாகாண அரசே ஈடுகட்ட வேண்டும் என்று ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். அப்படி ஒரு பொறுப்பை டர்பன் ஏற்றுக்கொண்டால் வேறு எந்தச் செலவை வெட்டும் என்பதையும் அந்த வாசகர் எழுதியிருக்க வேண்டும்.

தனியார் வணிக வளாகத்தின் வாடகையில் நிலையத்தை நடத்தலாம் என்பார்கள். 2009-இல் கால்பந்து உலகக் கோப்பையைக் காட்டி, எர்லி மார்னிங் மார்க்கெட்டை இடித்து அங்கே வளாகம் கட்டும் திட்டம் வந்தது. வியாபாரிகள் எதிர்த்து நின்றதில் அது கைவிடப்பட்டது. வளாகத்தின் கணக்கு எளிது: கடைமுன் எல்லோரும் நடக்க வேண்டும், அதற்காக ரயிலுக்கும் டாக்ஸிக்கும் இடையிலுள்ள வழியை வளைத்து நீட்டுவார்கள். கைக்குழந்தையோடு வருபவருக்கு 200 மீட்டர் கூடுதல் நடை என்பது ஒரு டாக்ஸி தவறுவது.

டெண்டர் விடுமுன் நகராட்சி இரண்டு நாள் ஆள் நிறுத்தி எண்ணட்டும்: வார நாள் ஒன்று, மாதக் கடைசிச் சனிக்கிழமை ஒன்று, விடிகாலை நான்கு முதல் இரவு எட்டு வரை. எத்தனை பேர் என்பதோடு, எங்கிருந்து எங்கே நடக்கிறார்கள், கையில் என்ன சுமை என்பதையும் குறிக்கட்டும். பத்து ஆண்டுப் பராமரிப்புச் செலவையும் அதைத் தரப்போவது யார் என்பதையும் அதே டெண்டர் தாளின் முதல் பக்கத்தில் அச்சிடட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்