ஆணுக்கு 13.9, பெண்ணுக்கு 7.5: எண்ணைப் பிரித்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநலம் குறித்து உங்கள் இதழில் வந்த கட்டுரை, ‘ஆண்களுக்கே மனநோய் அதிகம்’ என்று முடித்திருந்தது. 2015-16 தேசிய மனநலக் கணக்கெடுப்பில் ஆண்களுக்கு 13.9 சதவீதம், பெண்களுக்கு 7.5 சதவீதம் என்று இருப்பது உண்மைதான். ஆனால் அந்த எண்ணுக்குள் குடிநோயும் அடக்கம். அது மட்டுமே ஆண்களில் 9 சதவீதம், பெண்களிலோ அரை சதவீதம். மனச்சோர்வைத் தனியே எடுத்தால் பெண்கள்தான் முந்துகிறார்கள். இரண்டையும் ஒரே கூடையில் கொட்டி எடை போட்டால், எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்துக் கடற்கரை ஊர்களான பாம்பனிலும் தொண்டியிலும் யாரை எங்கே போய்த் தேடுவது என்று தெரியாமல் போகும்.

குடியை எடுத்துக்கொள்வோம். நாள் தவறாமல் நிறையக் குடிப்பவர் சட்டென்று நிறுத்தினால், ஆறு மணி நேரத்திலிருந்தே கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கலாம். வலிப்பு வந்தால் பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். அதன்பின் நான்காம் நாள் வரை ஆள் குழம்பி, இல்லாத பூச்சியைத் தட்டிவிடுவதும் உண்டு. உயிருக்கே ஆபத்தான கட்டம் அது. ‘இனிக் குடிப்பதில்லை’ என்று கோயிலில் கயிறு கட்டிக்கொண்டு மறுநாளே படகேறுபவருக்கு இது நடுக்கடலில் நேரும். கரையில் நேர்ந்தாலும், ‘மயக்கம்தானே’ என்று வெறும் குளுக்கோஸ் ஏற்றி அனுப்பக் கூடாது. முதலில் தயமின் (வைட்டமின் பி1) ஊசி போட வேண்டும். நடுக்கத்தை அடக்கும் மாத்திரையைச் சில நாள் கொடுத்து, படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பெண்கள் கதை வேறு. அந்தக் கணக்கெடுப்பில் அதிகம் பாதிக்கப்பட்டிருப்பது 40 முதல் 49 வயதினர். அந்த வயதுப் பெண் ‘மனசு சரியில்லை’ என்று சொல்லி வருவதில்லை. ‘நெஞ்சு படபடங்குது, மேலெல்லாம் எரியுது’ என்பார். வலி ஊசியும் சத்து மாத்திரையும் வாங்கிக்கொண்டு திரும்புவார். இரண்டு வாரமாகத் தூக்கம், பசி, எதிலாவது பிடிப்பு இருக்கிறதா என்று கேட்டால் விஷயம் வெளியே வரும். மாமியாரும் கணவரும் பக்கத்தில் இல்லாதபோது கேட்க வேண்டும். தைராய்டு, ரத்தசோகைப் பரிசோதனையும் அவசியம். மனச்சோர்வு மாத்திரை பலன் தர இரண்டு முதல் நான்கு வாரம் ஆகும். குமட்டலோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பத்தாம் நாள் பலர் நிறுத்திவிடுவது இதனால்தான். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் சாப்பிட வேண்டும் என்பதை முதல் நாளே சொல்லிவிடுவது நல்லது.

இல்லாத குரல் கேட்கும் மனச்சிதைவு நோய் (ஸ்கிசோஃப்ரினியா) ஆண்களுக்குப் பெரும்பாலும் இருபதை ஒட்டித் தொடங்கும். பெண்களுக்குச் சில வருடம் தள்ளி. 45-க்கு மேல் முதன்முறையாக வருவதும் அவர்களில் உண்டு. அந்த வயதில் காதில் குரல் கேட்கிறது என்றால் ‘பேய்’ என்றுதான் வீட்டில் நினைப்பார்கள். ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று, காப்பகத்தில் கட்டிவைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் சங்கிலியோடு கருகிய மாவட்டம் இது. வேண்டுதல் ஒரு பக்கம் இருக்கட்டும், மாத்திரையை நிறுத்தாதீர்கள். முதியவர் இரண்டே நாளில் குழம்பினால் அதை ‘வயசாயிடுச்சு’ என்று விடாமல், சிறுநீர்த் தொற்றும் சோடியம் குறைவும் பார்க்க வேண்டும். மறதிநோய் அப்படி ஒரே வாரத்தில் வராது.

மனநல முகாம்களோ ஆண்கள் கடலிலும் பெண்கள் கடற்பாசி எடுக்கவும் போயிருக்கும் பகல் வேளையில் நடக்கின்றன. மீன்பிடித் தடையால் விசைப்படகுகள் கட்டிக் கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் இருக்கிறதே! முதல் வாரத்திலேயே மீன் இறங்குதளத்தில் மாலை முகாம் போட்டால், குடியை மருத்துவர் மேற்பார்வையில் நிறுத்தவும், மாத்திரை அளவைச் சரிசெய்யவும் நேரம் தாராளம். பாசி எடுப்பவர்களுக்கு அவர்கள் கரையேறும் இடத்திலேயே, பெண் ஆலோசகரை வைத்து நடத்தலாம். தடைக்காலத்திலும் நாட்டுப்படகுகள் ஓடும் என்பதால் அந்த மீனவர்களுக்குத் தனி நாள் வேண்டும். மற்ற மாதங்களுக்கு, கடலுக்குப் போக மீன்துறை டோக்கன் கொடுக்கும் இடத்தின் சுவரில், அரசின் மனநலத் தொலைபேசி ஆலோசனைச் சேவையான டெலி மானஸ் எண் 14416-ஐப் பெரிதாக எழுதி வைக்கலாம். கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம், இரவிலும் எடுப்பார்கள்.

இப்படிக்கு,
வாசகர், மண்டபம்