மணலை நிறுத்தச் சொல்லுங்கள், அப்பா

அபிங்டன், இங்கிலாந்து,
ஜனவரி 18

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் இங்கே நலம். நீங்கள், அம்மா, ஆச்சி, தம்பி எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். இப்போதெல்லாம் போனில் பேசினால் உங்களுக்குப் பாதி விழுவதில்லை என்று அம்மா சொன்னாள். நாற்பது வருஷம் லாரி எஞ்சின் பக்கத்தில் நின்ற காது. அதனால்தான் எழுதுகிறேன். கடிதம் என்றால் நீங்கள் இரண்டு தரம் வாசிப்பீர்கள். இதை அவசியம் இரண்டு தரம் வாசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை தம்பி வீடியோவில், மணலைக் காற்றால் வேகமாக அடித்துச் சாமானைச் சுத்தம் செய்யும் புது மெஷினைக் காட்டினான். அதைப் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கம் சரியில்லை. அவன் அதை வாங்கியதற்குக் காரணமே, நான் இங்கே புதுப்பிக்கும் பழைய கார்ச் சாமான்களைப் படம் எடுத்து அனுப்பியதுதான். அதனால் என் வேலை என்ன, அந்தச் சாமான்களுக்கு அப்படி ஒரு முகம் எப்படி வருகிறது என்று முதலில் சொல்கிறேன். மெஷின் விஷயத்துக்கு அப்புறம் வருகிறேன்.

இப்போது என் கையில் இருப்பது 1966-ஆம் வருஷத்து எம்ஜிபி. இரண்டு பேர் உட்காரும் திறந்த கார். இந்த அபிங்டனில்தான் அதைச் செய்தார்கள். 1962-இல் ஆரம்பித்து 1980-இல் ஆலையை மூடும் வரைக்கும். பானெட்டைத் திறந்து எட்டிப் பார்த்ததும் செங்கோட்டைப் பட்டறையில் நிற்பது போலவே இருந்தது. உங்களுக்குச் சொன்னால் புரியும். நம் அம்பாசடருக்குப் போட்ட அதே பிஎம்சி கம்பெனியின் பி-சீரிஸ் எஞ்சின்தான் இது. அதில் 1489 சிசி, இதில் 1798 சிசி, அவ்வளவுதான். கார்புரேட்டரும் மேனிபோல்டும் ஒரே பக்கம், டிஸ்ட்ரிபியூட்டர் எதிர்ப்பக்கம், ராக்கர் கவரைப் பிடிக்க மேலே இரண்டே இரண்டு நட். உங்கள் கண்ணைக் கட்டிவிட்டாலும் கை தானாகப் போய் நிற்கும். குற்றாலம் சீசனில் டாக்ஸிக்காரர்கள் வரிசையாகக் கொண்டுவந்து நிறுத்துவார்களே, அந்த வண்டிகளின் நினைவுதான் எனக்கு.

காரின் சொந்தக்காரர் ஒரு பெரியவர். இருபது வருஷம் ஷெட்டில் போட்டு வைத்திருந்தாராம். எஞ்சினை இறக்கி, எஞ்சின் இருக்கும் அறையில் உள்ள ஒவ்வொரு சாமானையும் கழற்றி, சுத்தம் செய்து, ஆலையிலிருந்து வந்த நாளில் எப்படி இருந்ததோ அப்படி ஆக்கித் தர வேண்டும். அந்தப் பகுதி முழுக்க என் பொறுப்பு. கழற்றும்போதே ஒவ்வொன்றையும் படம் எடுத்து, போல்ட், வாஷர், கிளிப் எல்லாவற்றையும் தனித்தனிப் பையில் போட்டு, எந்த இடத்துச் சாமான் என்று சீட்டு எழுதி வைக்கிறோம். இந்த ஒரு வண்டிக்கே இருநூறு பைக்கு மேல் வந்துவிட்டது.

அப்புறம் கழுவுவது. அப்பா, இங்கே சேர்ந்த முதல் மூன்று மாசம் எனக்குக் கழுவுகிற வேலையை மட்டும்தான் கொடுத்தார்கள். என்னோடு சேர்ந்த பையன் இரண்டாவது வாரமே போய்விட்டான். எனக்கு அது கஷ்டமாகவே தெரியவில்லை. பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பட்டறை வேப்பமரத்தடியில் இரும்புத் தட்டையும் மண்ணெண்ணெயையும் என் முன்னால் வைத்துவிடுவீர்கள். தெருப் பையன்கள் எல்லாம் ஐந்தருவிக்குப் போகும்போது நான் கியர்ப்பல் தேய்த்துக்கொண்டிருந்தேன். "கழுவாத சாமானில் கோளாறு கண்ணுக்குத் தெரியாதுடா" என்பீர்கள். அன்றைக்கு அழுகையாக வந்தது. இந்த எம்ஜிபியின் தண்ணீர் பம்பைக் கழுவிய பிறகுதான் அடிப்பக்கத்தில் முடி போல ஒரு விரிசல் தெரிந்தது. கழுவாமல் மேலே பெயின்ட் அடித்திருந்தால் அது எஞ்சினோடு திரும்ப உள்ளே போயிருக்கும்.

இந்த ஊரின் துரு நம் ஊர்த் துரு மாதிரி இல்லை. குளிர்காலத்தில் ரோட்டில் பனி உறையாமல் இருக்க உப்பைக் கொட்டுகிறார்கள். லாரியில் ஏற்றிவந்து ரோடு நெடுக இறைத்துக்கொண்டே போகிறார்கள். முதல் தடவை பார்த்தபோது எனக்கு நம்பிக்கை வரவில்லை. அந்த உப்புத் தண்ணீர் தெறித்துத் தகர மடிப்புக்குள் போய் உட்கார்ந்துவிடுகிறது. இன்னொன்று பிரேக் ஆயில். பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர் இரண்டும் உட்காரும் தகரப் பெட்டி ஒன்று இந்த வண்டியில் உண்டு. சிலிண்டர் கசிந்தால் பிரேக் ஆயில் பெயின்டைத் தின்றுவிடும். பெயின்ட் போன இடத்தில் துரு பிடிக்கும். இந்தப் பெட்டியில் பாதி தோலே உரிந்திருந்தது.

துருவை எடுக்க இங்கே ஒரு வழி கற்றுக்கொண்டேன். நம் பட்டறையிலேயே செய்யலாம், செலவே கிடையாது. பிளாஸ்டிக் தொட்டியில் தண்ணீர் பிடித்து, நாலு லிட்டருக்கு ஒரு பெரிய கரண்டி சலவைச் சோடா கரைக்க வேண்டும். பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் கம்பியைத் துருப்பிடித்த சாமானில் மாட்டி, பாசிட்டிவ் கம்பியை ஒரு பழைய இரும்புத் தகட்டில் மாட்டி, இரண்டும் ஒன்றையொன்று தொடாமல் தொங்கவிட்டால் போதும். ராத்திரி போட்டால் காலையில் துரு கறுத்து, பிரஷ் பட்டதும் உதிர்ந்துவிடும். நல்ல இரும்பு ஒரு நூல் கூடக் குறையாது. தகடு எவர்சில்வராக மட்டும் இருக்கக் கூடாது, அதிலிருந்து விஷமான குரோமியம் தண்ணீரில் கலக்கும். குமிழி விடுவது ஹைட்ரஜன். அதனால் திறந்த வெளியில் வைக்க வேண்டும், பக்கத்தில் பீடி கூடாது, சார்ஜரை அணைத்த பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும். பிராக்கெட், பேன் பிளேடு, அந்தத் தகரப் பெட்டி எல்லாவற்றையும் இப்படித்தான் எடுத்தேன்.

அலுமினியத்துக்கு இது ஆகாது. உங்களுக்கு நினைவிருக்கும், நான் ஒன்பதாவது படிக்கும்போது, பளபளப்பாக்கிக் காட்ட வேண்டும் என்று அம்பாசடர் கார்புரேட்டரைக் காஸ்டிக் சோடாத் தண்ணீரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனேன். வந்து பார்த்தால் நுரை பொங்கிக் கிடந்தது. சாமான் அரித்த பல் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் அடிக்கவில்லை. உங்கள் காசில் புதுசு வாங்கி அந்த டிரைவருக்கு மாட்டிக் கொடுத்தீர்கள். இன்றைக்கும் எந்த அலுமினியச் சாமானைக் கையில் எடுத்தாலும் அதுதான் முதலில் ஞாபகம் வரும்.

இந்த வண்டியில் எஸ்யூ கம்பெனியின் கார்புரேட்டர் இரண்டு. உடம்பு அலுமினியம், மேலே மணி போல ஒரு மூடி, அதற்குள் மேலும் கீழும் போய்வரும் பிஸ்டன். மூடியும் பிஸ்டனும் ஜோடி சேர்த்துச் செய்தவை. ஒன்றின் பிஸ்டனை இன்னொன்றுக்குப் போடக் கூடாது. மூடியின் உள்பக்கத்தில் உப்புத்தாளே படக் கூடாது, பெட்ரோல் நனைத்த துணியால் துடைப்பதோடு சரி. துடைத்த பிறகு துளைகளை அடைத்து, தலைகீழாகப் பிடித்து, மூடி எத்தனை விநாடியில் இறங்குகிறது என்று எண்ண வேண்டும். இந்த அளவுக் கார்புரேட்டருக்கு 5 முதல் 7 விநாடி. முதல் தடவை எனக்கு 6 வந்தபோது பக்கத்தில் நின்ற எங்கள் பட்டறைப் பெரியவர் தோளில் தட்டினார்.

வெளி உடம்புக்கு ஈர முறை. மூடிய பெட்டிக்குள் தண்ணீரோடு கண்ணாடிக் குருணையைக் கலந்து அடிப்பார்கள். தண்ணீர் கூடவே ஓடுவதால் தூசி கிளம்பாது, உலோகமும் சிராய்க்காது. மழையில் கழுவிய கூழாங்கல் போல ஒரு மங்கல் நிறம் வரும். தம்பி மயங்கியது அந்த நிறத்தைப் பார்த்துத்தான். அடித்த பிறகு அரை நாள், ஒவ்வொரு சிறு துளைக்கும் தண்ணீரும் காற்றும் விட்டு, ஒரு குருணை கூட மிச்சமில்லாமல் எடுப்பேன். ஒன்று உள்ளே தங்கினாலும் எஞ்சின் போய்விடும்.

வண்டிக்காரப் பெரியவர் கார்புரேட்டர் உடம்பைக் கண்ணாடி மாதிரி மினுக்கச் சொன்னார். ஆலையிலிருந்து அது வார்த்த மங்கலோடுதான் வந்தது, அதையே தருகிறோம் என்று எங்கள் முதலாளி சொல்லிவிட்டார். எனக்கு அது ரொம்பப் பிடித்தது. எஞ்சினுக்குக் கருஞ்சிவப்புப் பெயின்ட், அரக்கு மாதிரி. சுற்றியுள்ள தகரத்துக்கு வண்டியின் மேல் நிறமான அதே பழைய வெள்ளை. எக்ஸாஸ்ட் மேனிபோல்டுக்கு மட்டும் 650 டிகிரி தாங்கும் பெயின்ட். எஞ்சினைச் சூடேற்றி ஆற வைத்து, மறுபடி சூடேற்றினால்தான் அது இறுகும். இந்தக் குளிரில் பெயின்ட் அடிப்பது பெரும்பாடு. நாலரை மணிக்கு இருட்டிவிடுகிறது. முந்தின நாளே சாமானை ஹீட்டர் அறையில் வைத்து இரும்பின் குளிரைப் போக்கிவிட்டுத்தான் பெயின்ட் கன்னை எடுக்கிறோம்.

சாப்பாட்டுக்குக் கவலைப்பட வேண்டாம் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். மாடியில் கேரளத்துப் புனலூர்க்காரர் குடும்பம் இருக்கிறது. அந்த அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். செங்கோட்டை என்று சொன்னதுமே, "நம்முடெ ஆளு" என்று உள்ளே கூப்பிட்டுக் கப்பைக் கிழங்கும் மீன்குழம்பும் போட்டார்கள். 1956 வரைக்கும் நாமும் திருவிதாங்கூர்-கொச்சிதானே என்று அந்த வீட்டு அண்ணன் உரிமை கொண்டாடுகிறார். சின்ன வயதில் மீட்டர் கேஜ் ரயிலில் பதிமூன்று கண் பாலத்தைத் தாண்டி அருவிக்குக் குளிக்க வருவார்களாம். இங்கே தூறல் போட்டால் இரண்டு பேரும் ஜன்னலைத் திறந்து நிற்போம். சாரல் மாதிரித்தான் இருக்கும். அந்தக் காற்று மட்டும் இல்லை.

சரி, மெஷின் விஷயத்துக்கு வருகிறேன். தம்பி கம்ப்ரசரோடு மணல் அடிக்கும் கன்னும் வாங்கி, ஆற்று மணலைச் சலித்துப் போட்டு, பட்டறைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் வைத்து அடிக்கிறான். முகத்தில் ஈரத் துண்டு. வீடியோவில் அவனுக்குப் பின்னால் புகை மாதிரி நின்றது. இரண்டு சின்னப் பையன்கள் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிறார்கள். அந்தப் பக்கம் முற்றத்தில் ஆச்சி வத்தல் காயப் போட்டிருந்தாள்.

அப்பா, அதை நிறுத்தச் சொல்லுங்கள். மணல் என்பது சிலிக்கா. இரும்பில் மோதி உடையும்போது, தலைமுடிப் பருமனில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாத தூளாகிவிடும். கண்ணில் தெரிகிற புகையைவிடத் தெரியாத தூள்தான் நுரையீரலின் அடி வரைக்கும் போகும். போனது வெளியே வராது. நுரையீரல் தழும்பு தழும்பாக இறுகிவிடும். சிலிக்கோசிஸ் என்று பெயர். இறுகியதைச் சரியாக்க மருந்து கிடையாது. துண்டு அந்தத் தூளைத் தடுக்காது. இங்கே தொழிற்சாலைகளில் மணலால் அடிப்பதை 1949-லேயே சட்டம் போட்டு நிறுத்திவிட்டார்கள். எங்கள் பட்டறைப் பெரியவரின் அப்பா வார்ப்புப் பட்டறையில் இருந்தவர். கடைசி மூன்று வருஷம் நாற்காலியில் உட்கார்ந்தபடியேதான் தூங்கினாராம், படுத்தால் மூச்சு வராது.

மணலுக்குப் பதில் கார்னெட் என்று மூட்டையில் விற்கிறது. கன்னியாகுமரிக் கடற்கரையில் சிவப்பாகக் கிடக்குமே, அதே சாதிதான். ஆனால் கடற்கரையில் அள்ளக் கூடாது, அதில் சாதா மணலும் கலந்திருக்கும். அதையும் திறந்த இடத்தில் அடிக்கக் கூடாது. கையுறை பதித்த மூடிய பெட்டியும் தூசியை இழுக்கும் பேனும் வேண்டும். அதற்குப் பணம் நான் மாசாமாசம் அனுப்புகிறேன். பெட்டி வரும்வரை சோடாத் தொட்டியும் கம்பி பிரஷ்ஷும் போதும். கார்புரேட்டருக்கு வெந்நீர், சோப்பு, பழைய பல் பிரஷ்.

இன்னொன்று உங்களுக்கு. பிரேக் டிரம்மைக் கழற்றியதும் காற்றடித்துத் தூசியை ஊதுவோம் இல்லையா? பழைய லைனிங்கில் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும், அந்தத் தூசியும் நுரையீரலைக் கெடுக்கும். இந்த எம்ஜிபியின் கார்புரேட்டருக்குப் பின்னாலுள்ள வெப்பத் தடுப்புத் தகட்டிலும் அது ஒட்டியிருந்தது. நாங்கள் தொடாமல், அதற்கென்று உள்ளவர்களிடம் கொடுத்துவிட்டோம். இனி ஊத வேண்டாம், ஈரத் துணியால் துடையுங்கள். தம்பியும் நீங்களும் தென்காசிக்குப் போய் ஒரு எக்ஸ்ரே எடுத்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள். உங்கள் காலை இருமலை நான் பீடி இருமல் என்றே நினைத்திருந்தேன்.

நான் சொன்னால், அண்ணன் இங்கிலாந்துச் சட்டம் பேசுகிறான் என்று தம்பி தள்ளிவிடுவான். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கன்னைக் கீழே வைத்துவிடுவான். கம்ப்ரசரைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம், அது டயருக்கும் பெயின்டுக்கும் ஆகும். கொட்டகையில் கிடக்கும் மணலைக் காய்ந்தபடி பெருக்க வேண்டாம். நன்றாகத் தண்ணீர் தெளித்து, ஈரத்தோடு அள்ளிச் சாக்கில் கட்டச் சொல்லுங்கள். அள்ளும்போது பையன்கள் அங்கே நிற்க வேண்டாம். ஆச்சியின் வத்தலை அதற்கு முன்னால் மாடிக்கு எடுத்துவிடுங்கள்.

உங்கள் மூத்த மகன்